வலி முழுசாகப் போகாமல் வேலைக்குத் திரும்பலாமா? கொழுந்து பறிக்கும் ஒருவருக்கு எழுதிய பதில்

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். வயது 43. கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் 19 வருடமாகக் கொழுந்து பறிக்கிறீர்கள். 14 மாதமாக இடுப்பு வலி, சில நாள் இடது தொடை வரைக்கும் இறங்குகிறது. 5 மாதமாக வேலைக்குப் போகவில்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் எல்4-எல்5 டிஸ்க் (கீழ் இடுப்பில் இரண்டு முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் மெத்தை) பிதுங்கியிருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு டாக்டர் இனிமேல் குனியவே கூடாது என்றார். இன்னொருவர் பெரிதாக ஒன்றுமில்லை என்றார். மாதக் கடைசிக்குள் வேலைக்கு வா, இல்லையென்றால் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். போகலாமா, விட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

இதற்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. வேலைக்குப் போனால் முதுகு இன்னும் கெட்டுப்போகுமா என்பது ஒன்று. இந்த வலியை வைத்துக்கொண்டு ஒரு நாள் வேலைக்கு ஈடுகொடுக்க முடியுமா என்பது இரண்டாவது. முடியாமல் போனால் சம்பளமும், எஸ்டேட் கொடுத்த வீடும் என்ன ஆகும் என்பது மூன்றாவது. முதல் கேள்விக்கு என்னால் ஓரளவு உறுதியாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்கான பதில் உங்கள் உடம்பிடம்தான் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கும் முறையைச் சொல்கிறேன். மூன்றாவதில், கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியவற்றை மட்டும் சொல்கிறேன். நான் பிசியோதெரபிஸ்ட். உங்களை நேரில் பரிசோதிக்காமல் எழுதுகிறேன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வடிகட்டல். சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போவது, அல்லது சிறுநீர் வராமல் முட்டிக்கொண்டு நிற்பது. உட்காரும் இடம், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது. பாதம் தூக்க முடியாமல் செருப்பு கழன்று விழுவது, கால் நாளுக்கு நாள் பலமிழப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தப் பதிலை ஓரமாக வைத்துவிட்டு இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நாளை என்று தள்ளவேண்டாம். மாலைக் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, படுத்தாலும் குறையாத இரவு வலி, முன்பு புற்றுநோயோ காசநோயோ வந்திருப்பது என்றால் சில நாட்களுக்குள் பார்க்க வேண்டும். நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோய் அரிதல்ல. மாதக்கணக்கில் வெறும் முதுகுவலி என்றே மருந்து சாப்பிட்டுத் தாமதமாகிவிடும். நீலகிரிக்கென்று இன்னொன்றும் உண்டு. இந்தியாவில் அரிவாள் செல் ரத்தக் குறைபாடு (சிவப்பணு வளைந்துபோகும் பரம்பரை நோய்) முதன்முதலில் 1952-ல் பதிவானதே நீலகிரியின் பழங்குடி மக்களிடம்தான். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துப் பணியர், குறும்பர் குடும்பங்களில் குளிர் பட்டதும் எலும்பு, முதுகு, கை கால் எல்லாம் வலித்தால் அது நான் பேசப்போகும் வலி அல்ல. முதலில் ரத்தப் பரிசோதனை. நீங்கள் எழுதியதில் இந்த அடையாளம் எதுவும் இல்லை. இரண்டு டாக்டர்கள் பரிசோதித்துமிருக்கிறார்கள். ஆகவே இது நாள்பட்ட வலி, ஆபத்தான நோயின் அடையாளம் இல்லை என்று எடுத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தாலோ திரும்பத் திரும்ப வந்தாலோ அதை நாள்பட்ட வலி என்கிறோம். இந்த மூன்று மாதக் கணக்குக்குக் காரணம் உண்டு. தசையோ தசைநாரோ காயம்பட்டால் பெரும்பாலும் அதற்குள் ஆறிவிடும். ஆறிய பிறகும் வலி தொடர்ந்தால், வலியைக் கடத்தும் நரம்புகளும் தண்டுவடமும் மூளையும் கூர்மையாகியிருக்கலாம். ஒருமுறை சிறுத்தையைப் பார்த்துவிட்ட நாய் அடுத்த பல நாள் புதர் அசைந்தாலே குரைக்கும். அதன் பயம் உண்மை, குரைப்பும் உண்மை. ஆனால் ஒவ்வொரு குரைப்புக்கும் புதருக்குள் சிறுத்தை இருக்காது. உங்கள் வலியும் அப்படி உண்மையானது. நீங்கள் நடிக்கவில்லை, கற்பனை செய்யவுமில்லை. ஆனால் வலிக்கிற ஒவ்வொரு முறையும் உள்ளே ஏதோ கிழிகிறது, நசுங்குகிறது என்று அர்த்தமில்லை. வேலைக்குப் போனால் முதுகு கெடுமா என்ற கேள்விக்கு உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: மேலே சொன்ன ஆபத்து அடையாளங்கள் இல்லாதபோது, படிப்படியாக வேலைக்குத் திரும்புவது முதுகெலும்பைச் சேதப்படுத்தாது. வலி கூடலாம். கூடிய வலியும் சேதமும் ஒன்றல்ல. மாறாக, மாதக்கணக்கில் படுத்திருப்பது தசையைத் தேய்க்கும், மூச்சுத் திணற வைக்கும், வலியையும் கூட்டும். இடுப்பு வலிக்குப் படுக்கை ஓய்வு மருந்தல்ல என்பதில் இன்று மருத்துவ உலகில் சச்சரவே இல்லை.

அந்த ஸ்கேன் காகிதம் உங்களைப் பயமுறுத்தியிருப்பது எழுத்திலேயே தெரிகிறது. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு 2015-ல் வந்தது. 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. 68 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. 50 வயதில் இவை இரண்டும் 60, 80 சதவீதமாக ஏறுகின்றன. இவர்களில் யாருக்கும் வலி இல்லை. நரை விழுவதைப் போல டிஸ்க்கிலும் வயது தெரியும், அவ்வளவுதான். இதனால் உங்கள் டிஸ்க்குக்கும் வலிக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. தொடைக்கு இறங்கும் வலியில் அதற்குப் பங்கு இருக்கலாம். ஸ்கேனை மட்டும் வைத்து வேலைக்குப் போகலாமா கூடாதா என்று யாராலும் சொல்ல முடியாது என்பதைத்தான் சொல்கிறேன். "இனிக் குனியவே கூடாது" என்ற ஆயுள் தண்டனைக்கு அந்தக் காகிதத்தில் ஆதாரம் இல்லை. "ஒன்றுமில்லை" என்பதும் அரை உண்மைதான். அவசரமாக அறுக்க வேண்டியது ஒன்றுமில்லை என்று அந்த டாக்டர் சொல்ல நினைத்திருப்பார். உங்கள் காதில் வலியே இல்லை என்பதாக விழுந்திருக்கும்.

ஆகவே "வலி போன பிறகு வேலைக்குப் போகிறேன்" என்ற வரிசையை மாற்ற வேண்டும். 14 மாத வலி முழுசாகப் போவதற்காகக் காத்திருந்தால் அந்த நாள் வராமலே போகலாம். பார்க்க வேண்டியது வேறு: எதை, எவ்வளவு நேரம் செய்தால், மறுநாள் காலையிலும் அதையே மறுபடி செய்ய முடிகிறது? இதை வீட்டில் வைத்தே அளக்கலாம். உங்கள் வேலையை நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள்: நிற்பது, லேசாகக் குனிந்து கையை நீட்டி வேலை செய்வது, மேட்டில் ஏறி இறங்குவது, சுமை தூக்கி நடப்பது. ஒவ்வொன்றையும் மூன்று வெவ்வேறு நாட்களில் செய்து பாருங்கள். அதில் ஒன்று நல்ல நாளாகவும் ஒன்று மோசமான நாளாகவும் இருக்கட்டும். வலி ஏறத் தொடங்கும் இடத்தில் நிறுத்திக் குறித்துக்கொள்ளுங்கள், தாங்க முடியாத இடம் வரை போகவேண்டாம். நிற்பது ஒரு நாள் 25 நிமிடம், ஒரு நாள் 15, ஒரு நாள் 20 என்று வந்தால் சராசரி 20. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள், 16 நிமிடம். அதுதான் உங்கள் தொடக்கக் கோடு. நல்ல நாளிலும் 16 நிமிடம்தான், மோசமான நாளிலும் 16 நிமிடம்தான்.

சுலபம் போலத் தோன்றும் இந்த விதியில்தான் முக்கால்வாசிப் பேர் வழுக்குகிறார்கள். வலி குறைந்த நாளில், இன்றைக்குத்தான் உடம்பு நன்றாக இருக்கிறதே என்று துணியெல்லாம் துவைத்து, விறகெல்லாம் அடுக்கி, தண்ணீரெல்லாம் பிடித்துவைப்பார்கள். அடுத்த மூன்று நாள் படுக்கை. இப்படி ஏறி ஏறி விழுந்தால் சராசரியாகச் செய்யும் வேலை மாதாமாதம் குறைந்துகொண்டே வரும், நரம்பும் அடங்காது. வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் போதும். 16 நிமிடம் அடுத்த வாரம் 18, அதற்கடுத்த வாரம் 20. சுமைக்குக் குடம் நல்ல அளவுகோல். வீட்டில் வைத்திருக்கும் பெரிய பிளாஸ்டிக் குடம் பெரும்பாலும் 15 லிட்டர் பிடிக்கும், அதாவது 15 கிலோ. முதலில் 4 லிட்டர் ஊற்றி, சமதரையில் வீட்டு வாசலிலிருந்து 50 அடி போய்வாருங்கள். இடுப்பின் ஒரே பக்கத்தில் வைக்காமல், பையில் போட்டு முதுகோடு ஒட்டிச் சுமந்து பாருங்கள். கொழுந்தை அப்படித்தானே சுமப்பீர்கள். சமதரையில் 8 கிலோ பழகிய பிறகு அதே பையில் 4 கிலோவுக்குக் குறைத்துக்கொண்டு மேட்டில் ஏறுங்கள். தூரம், எடை, சரிவு மூன்றில் ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும்தான் கூட்ட வேண்டும்.

கூட்டுவதா, நிறுத்தி வைப்பதா, குறைப்பதா என்பதை மறுநாள் காலை சொல்லும். வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுங்கள். செய்யும்போது இரண்டு புள்ளி ஏறலாம். மறுநாள் காலையில் பழைய இடத்துக்கு இறங்கிவிட்டால் திட்டம் சரி. இறங்கவில்லையென்றால் அன்றைக்கு அதே அளவிலேயே நில்லுங்கள், கூட்டாதீர்கள். இரண்டு காலை தொடர்ந்து மேலேயே இருந்தால் ஒரு படி கீழே இறங்குங்கள். முழுதாக நிறுத்தவேண்டாம். நாலு வாரம் இப்படி ஒத்திகை பார்த்துவிட்டால், ஆபீஸில் பேசுவதற்கு உங்கள் கையில் "வலிக்குது சார்" என்பதற்குப் பதிலாக எண்கள் இருக்கும். மாதக் கடைசிக்குள் நாலு வாரம் இல்லையென்றால் இருக்கிற நாட்களில் அளந்து தொடக்கக் கோட்டையாவது எடுத்துக்கொள்ளுங்கள். மீதி ஒத்திகையை வேலையிலேயே தொடரலாம்.

அடுத்தது வேலையின் பக்கம். எஸ்டேட் வேலை என்பது ஒரே வேலை இல்லை, கொழுந்து பறிப்பதே ஒரே வேலை இல்லை. செடியைத் தாழ வெட்டிவிடும் கவ்வாத்து முடிந்த முதல் வருடத்துத் தேயிலைக் காட்டில் பறிக்கும் மட்டம் தொடை உயரத்தில்தான் இருக்கும். நாள் முழுக்கக் குனிவு. கவ்வாத்து முடிந்து மூன்று நான்கு வருடமான காட்டில் மட்டம் இடுப்புக்கு வந்துவிடும். அதே கிலோவுக்கு முதுகு கொடுக்கும் விலை குறையும். ஆகவே கேட்க வேண்டிய முதல் சலுகை, முதல் எட்டு வாரம் பழைய கவ்வாத்துக் காட்டில் நிரை, அதாவது பறிக்கத் தரும் செடி வரிசை. இரண்டாவது, செங்குத்துச் சரிவைத் தவிர்த்து, எடை போடும் இடத்துக்குப் பக்கத்து நிரை. இதில் நிர்வாகத்துக்கு ஒரு ரூபாய் செலவில்லை. மேஸ்திரி மனது வைத்தால் போதும்.

பறிக்கும்போது மேட்டைப் பார்த்து நில்லுங்கள். எதிரே இருக்கும் செடி உயரத்துக்கு வந்துவிடும், குனிவு குறையும். பள்ளத்தைப் பார்த்து நின்றால் அதே செடி ஒரு சாண் கீழே போய்விடும். செடியின் அந்தப் பக்கத்துக் கொழுந்தை எட்டிப் பறிக்க வேண்டாம். அதை அடுத்த நிரையிலிருந்து பறித்துக்கொள்ளலாம். குனிவோடு அந்த எட்டுதலும் சேர்ந்தால் இடுப்பில் ஏறும் பாரம் இன்னும் கூடும். ஒரு காலைக் கல் மீதோ வரப்பு மீதோ கொஞ்சம் உயர்த்தி வைத்து, கால் மணிக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இடுப்பில் கை வைத்துப் பின்பக்கம் ஐந்து முறை வளைந்து நிமிருங்கள். அரை நிமிட வேலை, ஆனால் விடாமல் செய்ய வேண்டும். வலி வந்த பிறகு நிமிர்வதால் பாதிப் பலன்தான். முதுகில் 5, 6 கிலோ சேர்ந்ததும் நிரை முனையில் வைத்த சாக்கில் கொட்டிவிடுங்கள். எடைக்குக் கொண்டுபோகும்போது 20 கிலோவை ஒரே நடையில் இறக்குவதைவிட 7 கிலோவுக்குள் மூன்று நடை போவது நல்லது; முடிந்தால் வேறொருவர் சுமக்கட்டும். மழை நாளில் நனைந்த கொழுந்து, நனைந்த சாக்கு, இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாள் எல்லாம் சேர்ந்து சுமை ஏறும், தரையும் வழுக்கும். அன்றைக்கு இன்னும் குறைத்துச் சுமக்க வேண்டும்.

லேசான வேலை கொடு என்று கேட்கும்போது எந்த வேலை லேசு என்று யோசித்துக் கேளுங்கள். கொழுந்து வெட்டும் கத்தரி லேசு என்பார்கள். உடம்பை விட்டு முன்னால் நீட்டிப் பிடிக்கும் கருவி அது. கொழுந்து நிரம்ப நிரம்பத் தோளும் இடுப்பும் தாங்க வேண்டும். மருந்து அடிக்கும் 16 லிட்டர் டேங்க் நிறைந்தால் முதுகில் 20 கிலோவை நெருங்கும். அது வேண்டவே வேண்டாம். பிள்ளைக் காப்பகத்தில் ஆயா வேலை கொடுத்தால் நல்லது என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்கிறாராம். பத்துப் பன்னிரண்டு கிலோக் குழந்தையைத் தரையிலிருந்து நாளைக்கு முப்பது தடவை தூக்குவது கொழுந்துச் சுமையைவிட மோசம். அங்கே போனால் குழந்தை பெஞ்சில் ஏறி நின்ற பிறகு தூக்கும் பழக்கம் வேண்டும். ஃபேக்டரியில் தரம் பிரிப்பது, பாக்கிங் எல்லாம் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நிற்பது அல்லது உட்காருவது. நாள்பட்ட இடுப்பு வலிக்கு அசையாமல் இருப்பது பெரும்பாலும் அசைவதைவிடக் கடினம். நாற்றங்கால் வேலை, பைகளை இடுப்பு உயர மேசையில் வைத்துச் செய்ய விட்டால், நான் பார்த்த வரை நல்ல தேர்வு. தரையில் குந்தி உட்கார்ந்து செய்வதென்றால் இல்லை.

நேரத்தை எப்படி ஏற்றுவது? முதல் இரண்டு வாரம் திங்கள், புதன், வெள்ளி மட்டும் அரை நாள். மூன்றாம் நான்காம் வாரம் தினமும் அரை நாள். ஐந்தாம் ஆறாம் வாரம் ஆறு மணி நேரம். ஏழாம் எட்டாம் வாரத்தில் முழு நாள். இது நடுத்தரமான கணக்கு; சிலருக்கு இது வேகம், பன்னிரண்டு வாரம் எடுக்கலாம். நாள் கூலி முறையில் அரை நாள் பெயர் போட மாட்டார்கள் என்றால், முழு நாள் வந்து, எடுக்க வேண்டிய கிலோ அளவில் எட்டு வாரத்துக்குத் தளர்வு கேளுங்கள். கூடுதல் கிலோவுக்குக் கிடைக்கும் காசை இந்த எட்டு வாரம் மறந்துவிட வேண்டும். இதைக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தே சொல்கிறேன். ஆனால் திரும்பி வந்தவர்கள் மறுபடி விழுவது பெரும்பாலும் அந்தக் கூடுதல் கிலோவில்தான். காலமும் முக்கியம். நம் பக்கம் ஏப்ரல் முதல் ஜூன் வரையும், செப்டம்பர் முதல் நவம்பர் வரையும் கொழுந்து அடர்த்தி. ஜனவரி, பிப்ரவரியில் பனியும் வறட்சியுமாகக் குறைவு. தேர்ந்தெடுக்க வழியிருந்தால் கொழுந்து குறைவான மாதத்தில் தொடங்கினால், அடர்த்தி வரும்போது உடம்பு பழகியிருக்கும். பஸ் பயணத்தையும் வேலைக்கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் பின்சக்கரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தால் குலுக்கல் அதிகம். நடு சீட்டுக்கு வந்துவிடுங்கள்.

டாக்டரிடம் சர்டிஃபிகேட் வாங்கும்போது "லைட் ஒர்க்" என்று இரண்டு வார்த்தை எழுதி வாங்கி வராதீர்கள். அதற்கு ஆளாளுக்கு ஒரு பொருள்; ஆபீஸில் "இங்கே லைட் ஒர்க் எதுவும் இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இப்படி எழுதித் தரச் சொல்லுங்கள்: எட்டு வாரத்துக்கு 8 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து நிற்க அனுமதிக்க வேண்டும், மருந்து டேங்க் சுமக்கக் கூடாது, செங்குத்துச் சரிவில் சுமையோடு இறங்கக் கூடாது, இன்ன தேதியில் மறுபடி பரிசோதித்து இந்தக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்படும். கடைசி வரிதான் நிர்வாகத்தைச் சம்மதிக்க வைக்கும், ஏனென்றால் இது காலம் முழுக்க இல்லை என்று அதில் தெரிகிறது.

மாத்திரை பற்றிச் சுருக்கமாக. வேலைக்குப் போவதற்காக டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரையைத் தினமும் மாதக்கணக்கில் போடுவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் ரத்த அழுத்தத்தையும் கெடுக்கும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் "வலி செட்" வேண்டவே வேண்டாம். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்புண்டு. நரம்பு வலிக்கான பிரிகாபலின் மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அது தூக்கத்தையும் தலைச்சுற்றலையும் தரும். தொடங்கிய முதல் வாரங்களிலும் அளவு கூட்டும்போதும் சரிவிலும் இயந்திரத்துக்குப் பக்கத்திலும் நிற்கக் கூடாது. பலன் இல்லையென்று தோன்றினால் திடீரென நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறையுங்கள். எந்த மாத்திரையையும்விடத் தினசரி நடையும் படிப்படியான உடற்பயிற்சியும் நாள்பட்ட வலியில் நம்பகமானவை. அவற்றின் பலனும் மிதமானதுதான் என்பதை மறைக்கமாட்டேன்.

இனி, சந்தேகத்துக்குரியவை. குளிரும் ஈரமும் வலியைக் கூட்டுமா? மலையில் இருக்கும் எல்லோரும் ஆமாம் என்போம். ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. ஆஸ்திரேலியாவில் முதுகுவலிக்காரர்களைப் பார்த்த ஆய்வில் தொடர்பு தெரியவில்லை. பிரிட்டனில் 2019-ல் வந்த பெரிய ஆய்வில் ஈரப்பதத்தோடு சிறிய தொடர்பு தெரிந்தது. உடம்பு சூடாகாமல் குளிரில் நேராக வேலையில் இறங்குவது கஷ்டம் என்பது மட்டும் நடைமுறை. காலையில் பத்து நிமிடம் நடந்துவிட்டுப் பறிக்கத் தொடங்குங்கள். இடுப்பு பெல்ட் வலியைத் தடுக்கும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. பஸ் பயணத்துக்குக் கட்டிக்கொள்வதில் கெடுதல் இல்லை, நாள் முழுக்க வேண்டாம். ஆறு மாதத்துக்கு மேல் வேலைக்குப் போகாதவர்களில் பாதிப் பேர்தான் திரும்புகிறார்கள், இரண்டு வருடம் தாண்டினால் அநேகமாக யாரும் இல்லை என்றொரு கணக்கு அடிக்கடி சொல்லப்படும். அதை வைத்துப் பயந்துவிடாதீர்கள். அதிகம் முடியாதவர்கள்தான் நீண்ட நாள் வீட்டில் இருப்பார்கள் என்பதால் அந்தக் கணக்கில் காரணமும் விளைவும் கலந்திருக்கின்றன. தள்ளிப்போடப் போடத் திரும்புவது கடினமாகும் என்பது வரைக்கும் அதை நம்பலாம். உங்கள் ஒருவருக்கு என்ன நடக்கும் என்று அதிலிருந்து சொல்ல முடியாது.

வேலையை விடுவது சரியான முடிவாக இருக்கவும் முடியும். கேட்ட சலுகைகளோடு பன்னிரண்டு வாரம் முயன்றும், வாராவாரம் செய்யும் அளவு குறைந்துகொண்டே போனால். நாளைத் தள்ளுவதற்கே மயக்கம் தரும் மாத்திரை தேவைப்பட்டால். வேலை முடிந்து வந்து சமைக்கவோ தூங்கவோ முடியாமல் போனால், அது உங்கள் தோல்வி அல்ல, அந்த வேலை இந்த உடம்புக்கு ஒத்துவரவில்லை. ஆனால் முயன்று பார்க்கும் முன்பே எழுதிக் கொடுப்பதை மட்டும் நான் வலுவாகத் தடுப்பேன். போனால் திரும்ப வருவது கடினம், எஸ்டேட் வீடு வேலையோடு ஒட்டியது.

கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை: கிராஜுவிட்டி (பணிக்கொடை), ஒரு வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து வரும் கணக்கு. 19 வருடத்துக்கு அது சின்னத் தொகை அல்ல. பி.எஃப். ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 10 வருடச் சேவை வேண்டும், உங்களுக்கு அது இருக்கிறது. ஆனால் 50 வயதுக்கு முன் கிடைக்காது, 58-க்கு முன் வாங்கினால் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் குறையும். 19 வருடமும் பி.எஃப். கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாஸ்புக்கில் சரிபாருங்கள். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். தேயிலைத் தயாரிப்பு மட்டும் செய்யும் ஆலைகளைப் பருவகால ஆலை என்று அந்தச் சட்டம் விலக்கி வைத்தது. தோட்டத் தொழிலாளருக்கு எஸ்டேட் ஆஸ்பத்திரியும் நோய்க்காலப் படியும்தான் வழியாக இருந்தன. இந்த 5 மாதத்தில் அந்தப் படிக்கு விண்ணப்பித்தீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. டாக்டர் சர்டிஃபிகேட் தேதிகளோடு தொழிற்சங்கத்தில் கேளுங்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைக்குமா என்பதற்கு: 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் நாள்பட்ட வலி தனியாக இல்லை. கால் பலவீனம் போன்ற இயக்கக் குறைபாடு 40 சதவீதம் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள் வரும். நீங்கள் சொல்லும் நிலையில் அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். இந்தப் பகுதியில் என் சொல்லைக் கடைசிச் சொல்லாக எடுக்காமல் சங்கத்திலோ தொழிலாளர் துறை அலுவலகத்திலோ உறுதி செய்துகொள்ளுங்கள்.

மாமியார் "சும்மா படுத்துக்கிடக்கிறாள்" என்கிறார், வீட்டுக்காரர் "உயிரோடு இருந்தால் போதும், வேலையே வேண்டாம்" என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். ஒருவர் வலியை நம்பவில்லை, இன்னொருவர் அதைப் பார்த்துப் பயந்துவிட்டார். இரண்டும் உங்களுக்கு உதவாது. அந்த அளவுக் கணக்குக் காகிதத்தை இருவருக்கும் காட்டுங்கள். 16 நிமிடம் நின்றேன், 18 ஆக்கினேன் என்று சுவரில் ஒட்டியிருந்தால் நம்பாதவருக்கு உழைப்பு தெரியும், பயப்படுபவருக்கு முன்னேற்றம் தெரியும். இரண்டு வாரமாக எதிலும் மனம் ஒட்டவில்லை, அழுகையாக வருகிறது, தூக்கமே இல்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். வலி மனதைச் சோர்வாக்கும், சோர்ந்த மனம் வலியைக் கூட்டும், அதற்கு வைத்தியம் உண்டு. உயிரை விட்டுவிடலாமா என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் தள்ளிப்போடாமல் 104-க்குக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

பயிற்சியை நேரில் சரிபார்க்க ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிசியோதெரபிப் பிரிவில் காட்டலாம். தினமும் பஸ் ஏற முடியாதென்றால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' பற்றிக் கேளுங்கள். 2021-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் பிசியோதெரபியும் உண்டு, உங்கள் நிலைக்குப் பொருந்துமா என்று அவர்கள் சொல்வார்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒரு பக்கக் கடிதம். "நான் வேலையை விடவில்லை. சிகிச்சையில் இருக்கிறேன். இன்ன தேதியிலிருந்து, இணைத்துள்ள மருத்துவச் சான்றில் கண்ட கட்டுப்பாடுகளோடு, எட்டு வாரத்தில் படிப்படியாக முழு வேலைக்குத் திரும்ப அனுமதி கேட்கிறேன்" என்று எழுதுங்கள். சங்கக்காரர் ஒருவரைக் கூட்டிப்போய்க் கொடுங்கள். நகலில் ஆபீஸ் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். போட மறுத்தால் அதே கடிதத்தை ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதை ஸ்கேன் கவரிலேயே பத்திரமாக வையுங்கள்.